பாலிசியில் பெயர் இல்லாத பைலட்

"விமானத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு சார்." இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இதைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாடகைக்கு விமானம் தரும் ஃப்ளையிங் கிளப்பில் யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஆபீஸில் இருப்பவர் சொல்வார், இன்ஸ்ட்ரக்டர் சொல்வார், ஹேங்கரில் டீ கொண்டு வரும் பையனுக்கும் தெரிந்திருக்கும். விமானத்துக்கு இருக்கிறது, சரி. மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வாடகை கொடுத்து அதை எடுத்துக்கொண்டு போகிறானே, அவனுக்கு? இதை யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிளப்புக்கும் இல்லை.

விமானம் ஓட்டுவது நான் இல்லை, என் மச்சான். மனைவியின் தம்பி. நான் ஜெனரல் இன்ஷூரன்ஸில் கிளெய்ம்ஸ் பார்த்தே காலம் தள்ளியவன். சரக்கும் மோட்டாரும்தான் என் பிரிவுகள், ஏவியேஷன் பக்கம் போனதில்லை. மச்சானுக்கு பெங்களூர் நாகவாராவில் சாஃப்ட்வேர் வேலை. மாமனார் அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முருகேஷ்பாளையாவில் வீடு; மொட்டை மாடியில் நின்றால் பழைய ஏர்போர்ட் ரன்வேயில் இறங்குவதெல்லாம் தலைக்கு மேலேயே போகும். 2008-இல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளியில் உள்ள புது ஏர்போர்ட்டுக்குப் போய்விட்ட பிறகும் சோதனைப் பறப்புகளும் தனியார் விமானங்களும் அங்கே நிற்கவில்லை. 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் என்ற இரண்டு சீட்டு விமானத்தை எச்.ஏ.எல். செய்ததே ஃப்ளையிங் கிளப்புகளுக்காகத்தான் என்று மாமனார் சொல்லாத விருந்தாளி கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் சம்பளம் வந்ததும் வேறு எதில் பணத்தைப் போடுவான்? நாற்பது மணி நேரம் பறந்து, விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ நடத்தும் பரீட்சைகளை எழுதி, தனியார் பைலட் உரிமம் வாங்கிவிட்டான்.

உரிமம் கிடைத்த பிறகுதான் சிக்கலே. சொந்தமாக விமானம் வாங்குகிற வசதி நமக்கெல்லாம் எங்கே இருக்கிறது? நம் ஊரில் தனியார் உரிமம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஆயுசுக்கும் வாடகைப் பைலட்டுகள்தான். இல்லையென்றால் விமானம் வைத்திருக்கும் யாராவது நண்பர் பெரிய மனசு பண்ண வேண்டும்.

முனையில் ஒரு வளைவு

அது எந்த கிளப், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. பெங்களூரிலிருந்து காரில் போகிற தூரம், அவ்வளவு போதும். மச்சான் ஒரு செஸ்னா 172-ஐ எடுத்துக்கொண்டு தனியாகப் பறந்துவிட்டு இறங்கியிருக்கிறான். பக்கவாட்டுக் காற்று. முதல் தொடுகையில் விமானம் எம்பிவிட்டது. மறுபடி மேலே போய்ச் சுற்றி வந்திருக்கலாம். இவன் மூக்கைக் கீழே அழுத்தியிருக்கிறான். இரண்டாவது தொடுகையில் முன் சக்கரம் முதலில் பட்டது. ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. தானே ஓட்டிக்கொண்டு வந்து ஹேங்கர் முன்னால் நிறுத்தியும் விட்டான்.

வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் கால், அதாவது ஸ்ட்ரட், கொஞ்சம் சாய்ந்திருந்தது. புரொப்பெல்லரில் ஒரு பிளேடின் முனை மட்டும், வெற்றிலை நுனியைக் கிள்ள மடித்தது போல, பின்பக்கமாக வளைந்திருந்தது. பெயின்ட் உரிந்து அலுமினியம் பளபளத்தது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மோட்டார் கிளெய்ம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு பம்பர் கேஸ்.

விமானத்தில் அப்படி இல்லை என்பது சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்த பிறகுதான் தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் தரையில் பட்டால் அந்த அதிர்ச்சி நேராக என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்குப் போகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருந்தால் என்றோ ஒரு நாள் நடுவானில் என்ஜின் நின்றுவிடும். அதனால் லைகமிங் மாதிரியான என்ஜின் கம்பெனிகள் புரொப்பெல்லர் அடி வாங்கினால் என்ஜினை இறக்கி, பிரித்து, பாகம் பாகமாகப் பரிசோதிக்கச் சொல்கின்றன. முனையில் ஒரு வளைவு. அதற்குப் பின்னால் ஒரு புரொப்பெல்லர், ஒரு ஸ்ட்ரட், பிரித்துப் பூட்டும் கூலி, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பாகங்கள், அதற்கான காத்திருப்பு. பில் மளமளவென்று லட்சங்களில் ஏறியது.

கிளப்காரர்கள் நல்லவர்கள்தான். அன்றைக்கே தோளில் தட்டி, "இன்ஷூரன்ஸ் இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு மெயில் வந்தது. பாலிசியின் எக்ஸஸ் தொகையை, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் விமானத்தின் சொந்தக்காரர் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, மச்சான் கட்ட வேண்டும். விமானம் பறக்காமல் ஹேங்கரில் நிற்கும் நாட்களுக்கான வாடகை இழப்பையும் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சத்தைத் தாண்டியது, பாகங்கள் இன்னும் வந்து சேராத நிலையில். ஆதாரத்துக்கு, அவன் உரிமம் வாங்கிய புதிதில் கையெழுத்துப் போட்ட வாடகைப் படிவத்தின் நகலை இணைத்திருந்தார்கள். "காரணம் எதுவாயினும், வாடகைக் காலத்தில் நேரும் அனைத்துச் சேதத்துக்கும் வாடகைதாரரே பொறுப்பு" என்று அதில் ஒரு வரி இருந்தது.

"படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டாள் என் மனைவி. எந்த அக்காவும் கேட்கக்கூடியதுதான். ஆனால் பின்னால் டோக்கன் போட்டு நாலு பேர் நிற்க, ஸ்லாட் போய்விடுமோ என்ற பதைப்பில், ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவனிடம் அந்த வரியைப் படித்துப் பார் என்று சொல்ல யார் இருந்தார்கள்?

காரில் இருப்பது இதில் இல்லை

எக்ஸஸ் கட்டுவதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. உடைத்தவன் கொஞ்சம் கொடுக்கட்டும். என்னை உறுத்தியது வேறு. மச்சானிடம் சொல்லி கிளப்பின் பாலிசி நகலைக் கேட்டு வாங்கினேன். கிளப் மேனேஜர் தயங்கினாலும் கொடுத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு நன்றி.

நம் ஊர் சிறு விமானப் பாலிசிகள் பெரும்பாலும் லண்டன் சந்தையில் எழுதப்பட்ட ஏவிஎன் 1சி என்ற வாசகத்தை ஒட்டி இருக்கும். முதல் பிரிவு விமானத்துக்கு ஏற்படும் சேதம். இரண்டாவது, கீழே இருக்கும் மூன்றாம் நபருக்கும் அவர் சொத்துக்கும் ஏற்படும் இழப்புக்கான பொறுப்பு. மூன்றாவது, பயணிகளுக்கான பொறுப்பு. நாலாவதாக விதிவிலக்குகள்: அட்டவணையில் சொன்ன பைலட்டுகளைத் தவிர வேறு ஒருவர் ஓட்டினால் கிடையாது, சொன்ன உபயோகத்தைத் தவிர வேறு உபயோகம் என்றால் கிடையாது, சொன்னதைவிடக் கூடுதலாக ஆளை ஏற்றினால் கிடையாது, இப்படி. படிக்கப் படிக்க எனக்குப் பழகிய உலகம்தான். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் யாருக்குப் பணம், யாருக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால் ஒரே ஆள்: பாலிசிதாரர், அதாவது கிளப். "உரிமமும் மருத்துவச் சான்றும் செல்லுபடியாக உள்ள, கிளப் அனுமதித்த எந்தப் பைலட்டும்" ஓட்டலாம் என்று அட்டவணையில் இருந்தது. அதைத்தான் கிளப்காரர்கள் "உங்களுக்கும் கவர் இருக்கு" என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வரியின் வேலை வேறு. தகுதியுள்ள ஒருவர் ஓட்டியதால் கிளப்புக்குக் கிளெய்ம் கெட்டுப்போகாது, அவ்வளவே. ஓட்டியவனைக் காப்பாற்றுகிறேன் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

கார் பாலிசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நம் மோட்டார் பாலிசியின் இரண்டாம் பிரிவில், சொந்தக்காரரின் சொல்லின் பேரிலோ அனுமதியோடோ வண்டி ஓட்டும் டிரைவரையும் அவரே பாலிசிதாரர் போலப் பாவித்துப் பாதுகாப்போம் என்று தெளிவாக எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் காரை நாம் வாங்கிக்கொண்டு போய் ஹெப்பாளில் ஒரு ஆட்டோவை இடித்தால், லைசென்ஸ் சரியாக இருக்கும்வரை, நம் தலை ஓரளவு தப்பும். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாரும் விமானத்திலும் ஏறுகிறார்கள். தப்பில்லை, வேறு எந்த அனுபவமும் நமக்குக் கிடையாதே.

லாரிக்காரர் நின்ற இடம்

கிளெய்ம் செட்டில் ஆகப்போகிற நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளப்பிடம் ஒரு முத்திரைத்தாள் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டது. கிளப் மேனேஜர் அதை மச்சானுக்கு அனுப்பி, "இது என்னன்னு உங்க மாமாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றிருக்கிறார். மச்சான் எனக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனைக் காட்டாமல் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன்.

இரண்டு வரி படித்ததும் தெரிந்துவிட்டது, சப்ரோகேஷன் கடிதம். நஷ்டஈட்டைப் பெற்றுக்கொள்கிறேன், இந்த நஷ்டத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்க எனக்குள்ள உரிமைகள் அனைத்தும் இனி கம்பெனிக்கு, தேவைப்பட்டால் என் பெயரிலேயே வழக்குப் போடலாம். இதே வாசகத்தில் எத்தனை கடிதம் வாங்கியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. ஈரோட்டிலிருந்து கிளம்பிய நூல் மூட்டை மழையில் நனைந்து பீவண்டியில் இறங்கும். சரக்குக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, கொடுத்த பணத்தை வசூலிக்க லாரி கம்பெனி மேல் ரெகவரி வழக்குப் போடுவோம். 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சப்ரோகேஷனைப் பற்றி விரிவாகத் தீர்ப்பு எழுதியதும்கூட ஒரு லாரியில் போன நூல் மூட்டை வழக்கில்தான். எங்கள் பிரிவில் அதைப் படிக்காதவர்கள் கிடையாது. அந்தக் கடிதத்தில் "காரணமானவர்" என்ற இடத்தில் எப்போதும் ஏதோ ஒரு டிரான்ஸ்போர்ட்டின் பெயர் இருக்கும். இதில் என் மச்சானின் பெயர், அப்பா பெயரோடு, முருகேஷ்பாளையா முகவரியோடு இருந்தது.

ஏற்பாடு சட்டப்படி சரியானது. நஷ்டஈடு கொடுத்த கம்பெனி, நஷ்டம் அடைந்தவரின் செருப்பில் காலை நுழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் தப்புச் செய்தவர் இலவசமாகத் தப்பிப்பார், நஷ்டமடைந்தவர் இரண்டு பக்கமும் வாங்குவார். இதையெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் லாரி கம்பெனி அதற்கென்றே ஒரு பாலிசி எடுத்து வைத்திருக்கலாம். வாடகையில் அந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளலாம். வாரக்கடைசியில் பறக்கிற ஒரு தனி ஆளுக்கு அது எங்கே கிடைக்கும்? அவன் கொடுக்கிற வாடகையிலிருந்துதான் கிளப் பிரீமியம் கட்டுகிறது. அந்தப் பிரீமியத்தை வாங்கிக்கொண்ட கம்பெனியே நாளைக்கு அவன் மேல் நோட்டீஸ் விடலாம். சட்டம் என்னவோ சரி, மனசு ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் இதைவிடக் கொடுமையாக ஒன்று நடந்திருக்கிறது. லிஸ்டர் வழக்கு என்பார்கள், 1957. லாரி டிரைவரான மகன் ஒரு முற்றத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அதே கம்பெனியில் கூட வேலை பார்த்த தன் தகப்பனார் மேலேயே ஏற்றிவிட்டான். தகப்பனாருக்கு முதலாளியின் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு கொடுத்தது. கொடுத்துவிட்டு, முதலாளியின் பெயரில், அந்த மகன் மேல் வழக்குப் போட்டுக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கேயே அது பெரிய சங்கடமாகி, பிறகு தொழிலாளிகள் மேல் இப்படி வழக்குப் போடுவதில்லை, வேண்டுமென்றே செய்த தவறோ கூட்டுச் சதியோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு, என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. சட்டத்தில் உள்ள உரிமையை எப்போதும் பயன்படுத்தியே தீர வேண்டியதில்லை என்று அந்தத் தொழிலே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் அது தொழிலாளிக்கு. வாடகைப் பைலட் யாருக்கும் தொழிலாளி இல்லை, வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்காக அப்படி இரங்கியதாக நான் படித்ததில்லை.

படிவம் பறித்துக்கொண்ட பாதுகாப்பு

எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. நம் சட்டம் வாடகைதாரருக்கு அவ்வளவு எதிரானது இல்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருளை இன்னொருவர் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. 151-ஆவது பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஆள் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள் என்கிறது. 152-ஆவது பிரிவு, அப்படிப் பார்த்துக்கொண்டும் பொருள் கெட்டால் நீ பொறுப்பில்லை என்கிறது. திடீரென்று அடித்த காற்றில் விமானம் திரும்பிவிட்டது, எனக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க முடிந்தால் வாடகைப் பைலட் தப்பிக்க இடம் உண்டு. ஆனால் அதே 152-இல், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், என்று ஒரு வால் தொங்குகிறது. "காரணம் எதுவாயினும்" என்று படிவத்தில் இருந்த வரிதான் அந்தத் தனி ஒப்பந்தம். சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்தில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கிளப்பின் உரிமை மட்டும்தான் கம்பெனிக்குக் கைமாறும்; கிளப்புக்கு எவ்வளவு உரிமை என்பதை இந்தப் படிவம் முடிவு செய்கிறது. அதனால் பாலிசியைவிட நான் முதலில் படிக்கச் சொல்வது படிவத்தைத்தான்.

அமெரிக்காவில் பயிற்சிக்குப் போய்வந்த பையன்கள், "அங்கே ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ்னு தனியா விக்கிறாங்க அங்கிள்" என்று சொல்வார்கள். உண்மை. விமானத்தோடு ஒட்டாமல் பைலட்டின் பெயரில் வருகிற பாலிசி. எந்த கிளப்பில் எடுத்தாலும், நண்பரிடம் கடன் வாங்கி ஓட்டினாலும் கூடவே வரும். ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. பொறுப்புக்கான காப்பு ஒன்று, வாடகை விமானத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு இன்னொன்று; இரண்டாவதை விரும்பினால்தான் சேர்ப்பார்கள். விலை குறைவு என்று முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு, விமானத்தை உடைத்த பிறகு விழிப்பவர்கள் உண்டு. அப்புறம், பத்து லட்சம் டாலர் என்று முகப்பில் பெரிதாக இருக்கும், உள்ளே பயணி ஒருவருக்கு ஒரு லட்சம்தான் உச்சம் என்று இருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருவது பெரும்பாலும் சொந்தபந்தமோ சிநேகிதனோதான். அந்த ஒரு லட்சம்தான் அவர்களுக்கு.

இங்கே அப்படி ஒன்றைத் தேடித் தெரிந்த புரோக்கர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். விமானத்தை சார்ட்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கு எழுதுகிறார்கள். ஒற்றை ஆளுக்கு, அதுவும் வருடத்துக்குக் கொஞ்ச மணி நேரம் பறக்கிறவனுக்கு, யாரும் எனக்கு விலை சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "பத்து பேரா சேர்ந்து வாங்க, பேசிப் பார்க்கலாம்" என்றார். பத்து பேரை எங்கே போய்ப் பிடிப்பது? பிடிக்கலாம்தான், யாராவது முன்கை எடுத்தால்.

இடையில் இன்னொன்று. மச்சான் சில சமயம் ஆபீஸ் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவான். இறங்கியதும் அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள், "பெட்ரோல் ஷேர்" என்று குறிப்பும் போட்டு. காரில் மைசூர் போய்வந்தால் செய்கிறதுதான். தனியார் உரிமம் வைத்திருப்பவர் கூலி வாங்கிக்கொண்டு பறக்கக் கூடாது. பாலிசி அட்டவணையிலும் "சொந்த உபயோகம், பயிற்சி" என்றுதான் இருக்கும். அசம்பாவிதம் ஏதாவது நடந்தால் கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்கப்போவது பைலட்டின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை. இதைச் சொன்னபோது மச்சான், "நீங்க ரொம்ப நெகட்டிவா யோசிக்கறீங்க மாமா" என்றான். நான் யோசிக்கவில்லை அப்பா, இப்படி யோசிப்பவர்களோடு இருபது வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

ஓட்டுகிறவனின் சொந்த உயிர், உடம்பு கதை இன்னும் மோசம். கிளப் பாலிசியின் பயணிகள் பிரிவு, பணியில் இருக்கும் விமானச் சிப்பந்திகளைச் சேர்க்காது; பைலட் பயணி இல்லை. நம் தனிநபர் விபத்துப் பாலிசிகளில், உரிமம் பெற்ற விமானத்தில் பயணியாகப் போவதைத் தவிர வேறு விதத்தில் பறந்தால் கிடையாது என்ற விதிவிலக்கு ரொம்ப காலமாக இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் படிவங்களிலும் பறக்கிறீர்களா என்று கேட்பார்கள். மச்சான் டெர்ம் பாலிசி எடுத்தது பறக்கக் கற்கும் முன்னால். கம்பெனிக்கு இப்போது எழுதச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டோம். அந்தப் பாலிசியில் பறப்புக்கு விதிவிலக்கு இல்லை என்று வந்தது. அந்த ஒரு கடிதத்தில் மட்டும் நல்ல செய்தி.

இரண்டு வரி கேட்டது

எக்ஸஸைக் கட்டிவிட்டான். வாடகை இழப்பில் பேரம் பேசி, பாதியில் ஒத்துக்கொண்டார்கள். சப்ரோகேஷன் கடிதத்தில் கிளப் கையெழுத்துப் போட்டது. போடாவிட்டால் அவர்களுக்குப் பணம் வராது, போடாதே என்று நாங்கள் எப்படிச் சொல்வது? இன்றுவரை நோட்டீஸ் எதுவும் வரவில்லை. பெரும்பாலும் வராது என்றுதான் நினைக்கிறேன். சின்னத் தொகைக்காகத் தனி ஆள் மேல் வழக்குப் போட்டு, ஆறு வருடம் வாய்தா வாங்கி, கடைசியில் வசூலும் ஆகாது என்பது எந்த ரெகவரி பிரிவுக்கும் தெரியும். ஆனால் காலவரம்பு மூன்று வருடம். மேனேஜர் மாறுவார், மார்ச் மாதம் வரும், நிலுவைப் பட்டியலை யாரோ தூசி தட்டுவார்கள். மாமனாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவருக்கு ஸ்ட்ரட் சாய்ந்த கதை மட்டும்தான் தெரியும். அதற்கே "ரவுண்ட் போயிருக்கணும்டா" என்று ஒரு மாதம் திட்டினார்.

இப்போது மச்சான் வேறு ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறான். சேரும் முன்னாலேயே இரண்டு விஷயம் எழுதிக் கேட்டோம். ஒன்று, வாடகைக்கு எடுக்கும் உறுப்பினர்களைப் பொறுப்புப் பிரிவுகளில் கூடுதல் பாலிசிதாரராகச் சேர்க்க வேண்டும். இரண்டு, கிளப்பின் அனுமதியோடு, தகுதியோடு ஓட்டுபவர் மேல் கம்பெனி தன் சப்ரோகேஷன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். இது ஒன்றும் அதிசயம் இல்லை. கட்டட ஒப்பந்தங்களிலும், விமானக் குத்தகைகளிலும் பாலிசியோடு சேர்க்கும் இந்த இரண்டு கூடுதல் ஷரத்துகளும், அதாவது என்டார்ஸ்மென்ட்டுகளும், தினசரி எழுதப்படுகின்றன. கம்பெனிகளுக்கு வழி தெரியும், கேட்கிறவர் வேண்டும். கிளப் சும்மா கேட்டுப் பார்த்தாலே போதும் என்பது என் கட்சி. வாடகையில் மணிக்கு நூறு, இருநூறு கூட்டிக்கொள்ளட்டும், யாரும் ஓடிவிடமாட்டார்கள். தன் பெயர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒவ்வொரு பைலட்டும் ஏவிஎன் வாசகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இன்ஷூரன்ஸ்காரனான எனக்கே ஒரு விபத்து தேவைப்பட்டது.

புது கிளப்பின் மேனேஜர் மலையாளி, பொறுமைசாலி. என் மெயிலை அப்படியே புரோக்கருக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவது கோரிக்கைக்கு கம்பெனி ஒத்துக்கொண்டது; வேண்டுமென்றே செய்தாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ பொருந்தாது என்று நியாயமான நிபந்தனையோடு. முதலாவதற்கு, புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். படிவத்தில் "காரணம் எதுவாயினும்" என்பதை அடித்துவிட்டு "வாடகைதாரரின் கவனக்குறைவால்" என்று எழுதி, வாடகை இழப்புக்கு இரண்டு வாரம்தான் உச்சம் என்று ஓரத்தில் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அது அவர்களுடைய கமிட்டியில் இருக்கிறது. முடிவு வரும்வரை மச்சான் தனியாகப் பறப்பதில்லை. இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகிறான். பைலட்-இன்-கமாண்ட் அவர், லாக்புக்கில் பெயர் அவருடையது, பொறுப்பும் முதலில் அவருக்கும் கிளப்புக்கும். மணிக்குக் கூடுதலாகக் காசு போகிறது என்று முனகுகிறான். பக்கவாட்டுக் காற்றில் இறங்குவதை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறாராம், அதற்கென்று நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.